புளியறை இறக்கம்

மேலகரம்,
23 ஜூன் 2024

செல்வி அப்பாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று உங்களைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று பெயர்தான், நீங்கள் பேசியது ஒன்றுமே காதில் விழவில்லை. அந்தக் கம்பி வலைக்கு முன்னால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா தன் மகனிடம் மாடு கன்று போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது மட்டும் முழுதாகக் கேட்டது. நீங்கள் கையை ஆட்டினீர்கள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமலே பஸ் ஏறினேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். பார்க்கட்டும்.

வரும் வழியில் வக்கீல் குத்தாலிங்கத்தைப் பார்த்தேன். அப்பீல் தோற்றுப்போனாலும் மதுரை ஹைகோர்ட்டில் போட்டிருக்கும் மனு இன்னும் உயிரோடு இருக்கிறதாம். "இங்க பாரும்மா, விபத்துக்கு முந்தின வாரம் உன் வீட்டுக்காரர் வண்டியில பிரேக் வேலை நடந்துச்சுன்னு வீட்டாளு இல்லாம வெளியாளு யாராவது ஒருத்தர் வந்து சொல்லணும். அப்படிச் சொன்னா நான் கேட்டுப் பார்க்கலாம். இல்லன்னா வேகமா ஓட்டி, கடையில இருந்த ஹைருன் பீவியைக் கொன்ன டிரைவர், அவ்வளவுதான்" என்றார். முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடமாக ஊர் முழுக்க அதைத்தானே சொல்கிறது.

குமரகுரு அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு நான் போகப் போகிறேன். வேலை நடந்தது அவர் இடத்தில். தெரிந்தவர் அவர்தான். கோர்ட்டில் பயந்து ஏதோ சொல்லியிருக்கலாம். ஒரு பெண்பிள்ளை வந்து நின்று கேட்டால் மனசு மாறாதா?

செல்வி பள்ளிக்கூடம் போகிறாள். உங்களைப் பற்றி நானும் பேசுவதில்லை, அவளும் கேட்பதில்லை.

வேல்விழி


பாளையங்கோட்டை,
4 ஜூலை 2024

விழிக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த ஆள் வாசலை நீ மிதிக்க வேண்டாம்.

முதன்முதலில் சொந்தமாக வண்டி வாங்கிய நாளிலிருந்து வேறு கடைக்கு நான் போனது கிடையாது. பில் கேட்டதும் இல்லை, அவன் தந்ததும் இல்லை. "ஏலே இசக்கி, நமக்குள்ள என்னலே பில்லு" என்பான். அந்த வாய்தான் கூண்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு, "அந்த மாசம் அவர் வண்டி என் கடைக்கு வரவே இல்லைங்க ஐயா" என்றது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

நடந்ததை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் போலீஸ், அப்புறம் வக்கீல், அப்புறம் கோர்ட்டு. எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொன்னேனே தவிர நானாக யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரேக் வேலை முடிந்து வண்டியை எடுத்தபோதே பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருந்தது. திரும்பப் போய்க் காட்டினேன். கிறிஸ்டிதான் வேலை பார்த்தவன். அவன் கீழே குனிந்து பார்த்துவிட்டு குமரகுருவைப் பார்த்தான். குமரகுரு, "புது ஆயிலு, அப்படித்தான் இருக்கும்" என்றான். குற்றாலச் சீசன் நேரம். கடை முழுக்க வண்டி. நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆரியங்காவு கோயிலுக்குப் போன குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. புளியறை இறக்கத்தில் முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின் சக்கரம் கொஞ்சம் பிடித்தது, அந்த இறக்கத்துக்கு அது போதவில்லை. கீழே செக்போஸ்டுக்கு லாரிகள் வரிசையாக நின்றன. லாரிக்கு அடியில் விட்டால் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் போயிருப்பார்கள். இடது பக்கம் ஒடித்தேன். அங்கே கடை இருந்தது. கடைக்குள் அந்த அம்மா இருந்தாள்.

நான் மிதித்தேன், விழி. அதை மட்டும் நீ தெரிந்துகொள்.

வண்டி இன்னும் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கிறதா? சாட்சியாக இருக்கட்டும் என்றுதானே நாம் அதைத் திருப்பிக் கேட்காமல் விட்டோம். முடிந்தால் போய்ப் பார். முன்பக்கம் இடது சக்கரத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் போகும். அது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது.

இங்கே என்னைத் தறியில் போட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுவது மாதிரி கையும் காலும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அதனால் பழகிவிட்டது.

இசக்கிமணி


மேலகரம்,
21 ஜூலை 2024

செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் போகாதே என்று எழுதியது வருவதற்கு முன்பே நான் போய்விட்டு வந்துவிட்டேன். திட்டாதீர்கள்.

சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒர்க்‌ஷாப்பில் நிற்க இடமில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போடச் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். அதுதான் எனக்கு முதல் அடி. விரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"அண்ணாச்சி, வண்டி இங்கனதான் வந்துச்சு. நானே சாப்பாடு கொண்டாந்து குடுத்தேன். நீங்களும் பார்த்தீய" என்றேன்.

"அது எந்த மாசம்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"பிரேக்குக்குத்தான் விட்டிருந்தாவ."

"இசக்கி என் தம்பி மாதிரில்லா. அவன் உள்ள கெடக்கான்னு எனக்கு ஒரு வாய் சோறு எறங்குதுங்கியா? ஆனா இல்லாதத எப்படிம்மா சொல்லச் சொல்லுத?"

கண் கலங்கித்தான் பேசினார். அது பொய்க் கண்ணீர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்டி எங்கே என்று கேட்டேன். அவன் நின்று ரொம்ப நாளாகிறதாம், எங்கே போனான் என்று தெரியாதாம். ஆறிப்போன டீயை வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஸ்டேஷனுக்கும் போனேன். வண்டி மேல் கொடி ஏறிக் கிடக்கிறது. முன்பக்கம் மொத்தமும் நசுங்கிப் போய் எது எந்த ஹோஸ் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான்கு சக்கரமும் இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர். "இதுல இனிமே என்னத்தம்மா பாக்கப் போற? அன்னைக்கே வந்து பார்த்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளரு எல்லாம் இடிச்சதுல அறுந்ததுதான், வண்டியில கோளாறு இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்டாரு" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருக்கிறேன். நேரில் கேட்க எனக்கு வாய் வராது. அன்று விடியும் முன்பே எழுந்து வண்டி எடுத்தீர்கள். அதற்கு முந்தின நாளும் சரியான தூக்கம் இல்லை. திரும்பி வரும்போது கொஞ்சம் கண் அசந்துவிட்டதா? அப்படி இருந்தாலும் நான் உங்களை விட்டுப் போய்விட மாட்டேன். தெரிந்தால் நான் எல்லோர் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் பாருங்கள், அதற்குத்தான் கேட்கிறேன்.

வேல்விழி


பாளையங்கோட்டை,
30 ஜூலை 2024

வேல்விழிக்கு,

அரசு வக்கீல் இதே கேள்வியைக் கேட்டார். அவர் சம்பளத்துக்குக் கேட்டார்.

அடுத்த மாதம் மனு போட்டுப் பார்க்க வர வேண்டாம். வந்தாலும் நான் வெளியே வர மாட்டேன்.

இசக்கிமணி


மேலகரம்,
25 ஆகஸ்ட் 2024

செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தீர்கள். பெயர் கூப்பிட்டும் வரவில்லை. நானும் செல்வியும் கடைசி ஆள் போகும்வரை நின்றோம். அவள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இதை உங்களைக் குத்த எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மறுநாள் நான் புளியறைக்குப் போனேன். அண்ணனிடம் சொன்னால் போக விடமாட்டான். சிவகிரி போலீஸ் ஸ்டேஷனில் அவன் தலை நிமிர்ந்து வேலை பார்க்க முடியவில்லை என்று மதினி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடையைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் பாறாங்கல் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஹைருன் பீவியின் மகன் அஹ்சன் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னதும் கையை நிறுத்திவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. அந்த அம்மா இறந்ததற்கு நாம் ஒரு நாளாவது போய் நின்றிருக்க வேண்டும், வக்கீல் போகக் கூடாது என்றார், நாமும் போகவில்லை.

அவன் மாவுக் கையைத் துடைத்தான். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"உம்மா அங்கன உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்துச்சு. நா பின்னால தண்ணி புடிக்கப் போனேன். ஹாரன் சத்தம் கேட்டுது. விட்டு விட்டு இல்ல, ஒரேயடியா, மேல இருந்தே. திரும்பிப் பார்த்தா வண்டி வருது, உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நிக்குத மாதிரி பெடல மிதிச்சுக்கிட்டு இருக்காரு."

"அவிய தூங்கலயா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"தூங்குதவன் ஹாரன் அடிப்பானாக்கா?"

இதைக் கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் என்கிட்ட கேக்கல. கேட்டிருந்தாலும் அன்னைக்கு நா சொல்லியிருக்க மாட்டேன். உம்மாவ மண்ணுல வச்சுட்டு வந்து நிக்கேன், உங்க வீட்டுக்காரருக்காகப் பேசுவனா?" என்றான். இப்போது கூப்பிட்டால் வருவாயா என்றேன். யோசித்தான். வருகிறேன் என்றான்.

நான் ரோட்டுக்கு வந்து அந்த இறக்கத்தை ஏறிட்டுப் பார்த்தேன். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. அதைப் பார்த்ததும் நான் ரோட்டை விட்டு ஒதுங்கி நின்றேன். நீங்கள் மிதித்தீர்கள். நான் கேட்டது தப்பு. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கிறிஸ்டியின் அம்மாவைத் தேடிப் பிடித்துவிட்டேன். அவன் புனலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான்.

வேல்விழி


பாளையங்கோட்டை,
5 செப்டம்பர் 2024

விழிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஆள் பார்த்திருக்கிறான். இத்தனை நாளில் சில சமயம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, விழி. உன் மேல் கோபப்பட்டதுகூட அதனால்தான். எல்லோரும் மிதிக்கவில்லை மிதிக்கவில்லை என்று சொல்லும்போது, காலில் அந்த நினைப்பு இருக்கிறதே அது நிஜமா, நானாக உண்டாக்கிக்கொண்டதா என்று இருட்டில் காலை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை.

கிறிஸ்டி கெட்டவன் இல்லை. நான் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் அதில் பாதியைக் கடை நாய்க்கு வைப்பான். அவனை மிரட்டாதே. அவனுக்கு ஒன்றும் வராது, வரவும் வேண்டாம். "வண்டி வந்தது, பிரேக் வேலை பார்த்தோம்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்.

அஹ்சனும் கிறிஸ்டியும் வந்துவிட்டால் குத்தாலிங்கம் பார்த்துக்கொள்வார். பொங்கலுக்கு நான் வீட்டில் இருக்கலாம். இங்கே ராயகிரிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு மதுரையில் இதே மாதிரி ஒரு வழக்கில் விடுதலை ஆகியிருக்கிறது என்கிறார்.

அடுத்த தடவை செல்வியைக் கூட்டிக்கொண்டு வா. வருவேன். அந்தப் பாவாடையையே கட்டிக்கொண்டு வரச் சொல்.

இசக்கிமணி


மேலகரம்,
13 அக்டோபர் 2024

செல்வி அப்பாவுக்கு,

போன வாரம் வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை. செல்வியும் பக்கத்தில் நின்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

புனலூருக்குப் போனேன். கிறிஸ்டி என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டான். "இவிடெ வேண்டா அக்கா" என்று மலையாளத்தில் சொல்லிப் பக்கத்தில் ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் எதுவும் கேட்கும் முன்பே அவன் சொன்னான். புது ஹோஸ் அன்று கிடைக்கவில்லையாம். கொல்லத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றிருக்கிறார்கள். அண்ணாச்சி வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போடச் சொன்னாராம். "வெடிப்பு இருக்கு அண்ணாச்சின்னு சொன்னேன். ரெண்டு நாளு ஓடட்டும், புதுசு வந்ததும் மாத்திக்கிடலாம்னாரு. அண்ணன் பெடலு மெத்துன்னு இருக்குன்னு வந்தாருல்லா, அப்பவே எனக்குத் தெரியும்" என்றான். சொல்லிவிட்டுப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நானும் அழுதேன். கோபத்தில் இல்லை. கடைசியில் ஒரு வாய் அதைச் சொல்லிவிட்டதே என்று. இதை வக்கீலிடம் வந்து சொல், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"உங்ககிட்ட சொல்லுதேன் அக்கா. கோர்ட்டுல சொல்ல மாட்டேன்."

கத்தாருக்கு விசா வந்துவிட்டதாம். கேஸ் என்று ஒன்றில் பெயர் வந்தால் பாஸ்போர்ட் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி கல்யாணம் நிற்கிறதாம். கையெடுத்துக் கும்பிட்டான். நான் கெஞ்சினேன், திட்டினேன், செல்வி பேரைச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்றான். ஆனால் வரமாட்டேன் என்றான்.

குத்தாலிங்கத்திடம் வந்து எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் வராமல், அவன் சொன்னதாக நான் சொல்வது செல்லாதாம். அஹ்சன் வந்தாலும் ஹாரன் அடித்தார், மிதித்தார் என்றுதான் சொல்ல முடியும், அதிலிருந்து பழைய ஹோஸ் என்று ஆகிவிடாதாம். வண்டியை வேறு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டேன். அதற்கு மனு எழுதிக்கொண்டு அவரே ஸ்டேஷனுக்கு வந்தார்.

வண்டி அங்கே இல்லை. கேட்பாரில்லாத வண்டிகள் என்று மொத்தமாக ஏலத்தில் விட்டுவிட்டார்கள். பழைய இரும்புக்கு எடுத்துப் போனவர் யார் என்று விசாரித்தோம். அதற்குள் உருக்கு உலைக்குப் போயிருக்கும் என்றார்கள். அது நின்ற இடத்தில் புல் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது.

இனி எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், போகிறேன்.

வேல்விழி


பாளையங்கோட்டை,
10 நவம்பர் 2024

விழிக்கு,

மதுரையில் மனு தள்ளுபடி ஆன செய்தி இங்கே ஆபீசில் சொன்னார்கள். நீ வந்து சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொண்டது நல்லதுதான். நீ எங்கேயும் போக வேண்டாம். போக வேண்டிய இடமெல்லாம் நீ போய்விட்டாய்.

தறியில் உட்கார்ந்திருக்கிறேன். மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன தடவை செல்வி மட்டும் உன் தாய்மாமாவோடு வந்தாள். அம்மா ஏன் வரவில்லை என்றேன். கடையில் லீவு தரவில்லை என்றாள். என்ன கடை என்றேன். தென்காசியில் ஒரு கடை என்றாள். எந்தக் கடை என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள்.

நீ வேலைக்குப் போவது எனக்குக் குறைச்சல் இல்லை. எந்தக் கடை?

இசக்கிமணி


மேலகரம்,
24 நவம்பர் 2024

செல்வி அப்பாவுக்கு,

குமரகுரு அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிறேன்.

கோபப்படுவதற்கு முன்னால் இதையும் படியுங்கள். ஜவுளிக்கடையில் கேட்டேன், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டு ஆள் வேண்டாம் என்றார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பாத்திரம் தேய்க்கப் போனேன். சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். வாடகை வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். செல்வி பத்தாவது எழுத வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றால் மதினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாளே தவிர உள்ளே வா என்று சொல்லவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். புனலூருக்கு நான் போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்றபடியே பேசினார். "நாளைக்கே வந்து கடையில உக்காரும்மா. பிள்ளய நா படிக்க வைக்கேன். நீ என்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம், நானும் ஒண்ணும் கேக்கல. அந்தப் பேச்ச மட்டும் இத்தோட விட்டிரு."

நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் போனேன்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். காலையில் வந்ததும் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் அண்ணாச்சி என்கிறேன். ஒரு நாள் ஒரு டிரைவர் வந்தார், பெடல் கீழே போகிறது என்று. ஒர்க்‌ஷாப்பில் ஏதோ பார்த்து அனுப்பினார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. பின்னாலேயே ரோட்டுக்கு ஓடிப் போய், "அண்ணே, மலைப்பக்கம் இந்த வண்டிய எடுக்காதீய, வேற எடத்துல ஒரு தடவ காட்டிருங்க" என்றேன். அவர் சிரித்தார். "பில்லு போடுத வேலயப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நானே முந்திப் போய் எடுத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் அவரே வந்து வைப்பர் வாங்கிக்கொண்டு போனார்.

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

வேல்விழி


பாளையங்கோட்டை,
3 டிசம்பர் 2024

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இசக்கிமணி


மேலகரம்,
20 ஜனவரி 2025

செல்வி அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு தடவை வந்தேன், நீங்கள் வெளியே வரவில்லை. பொங்கலுக்குக் கொண்டுவந்த வேட்டியை வார்டரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் தந்தாரா, நீங்கள் வாங்கினீர்களா என்று தெரியாது.

கிறிஸ்டி கத்தாருக்குப் போய்விட்டான். போகும் முன் அவன் அம்மா ஒரு முறை கடைப்பக்கம் வந்தாள். என்னை அங்கே பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

புளியறைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அஹ்சனிடம் நீ வர வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது என்று சொன்னேன். இப்போது எங்கே வேலை என்று கேட்டான். சொன்னேன். பரோட்டாவைப் பொட்டலம் கட்டி, செல்விக்கு என்று கொடுத்தான்.

செல்விக்கு அரைப் பரீட்சையில் நல்ல மார்க். அவள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். "அன்புள்ள அப்பா" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் ஓடவில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் பதில் போட வேண்டாம். படித்தால் போதும்.

வேல்விழி


பாளையங்கோட்டை,
11 ஏப்ரல் 2025

விழிக்கு,

வேட்டி கிடைத்தது. சரியாக இருக்கிறது.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். யோசித்தேன். தறியில் உட்கார்ந்தால் யோசிக்க நேரம் இருக்கிறது. பதில் கிடைத்தால் எழுதலாம் என்று இருந்தேன். கிடைக்கவில்லை.

நான் சொன்னேனே, ராயகிரிக்காரர், அவரோடு இங்கே ஒரு டிரைவர் இருந்தார். என்னைப் போலவே ஒரு கேஸ். மாசியில் வெளியே போனார். லைசென்ஸ் இல்லை. லாரி ஆபீஸ், பள்ளிக்கூட வேன், ஆட்டோ, எங்கே கேட்டாலும் முதலில் உன் கேஸ் என்ன என்கிறார்களாம். பங்குனியில் இங்கே ஒருவரைப் பார்க்க மனு போட்டு வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே இருந்தபோது நன்றாக இருந்தார்.

என்னை ஐப்பசி வாக்கில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். எனக்கு வண்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இந்தத் தறி வேலைக்கு நம் பக்கத்தில் யார் ஆள் எடுக்கிறார்கள்?

குமரகுரு அண்ணாச்சியிடம் கேட்டுப் பார். வண்டி கழுவுகிற வேலை, டயர் கழற்றுகிற வேலை, எது என்றாலும் பரவாயில்லை. காலையில் வந்து கடை கூட்டித் திறந்து வைக்கிறேன். பழசை நான் பேச மாட்டேன். பிரேக் வேலைக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

நான் கேட்டதாகச் சொல்லாதே. நீயாகக் கேட்பதுபோல் கேள்.

இசக்கிமணி